ஏறும் வண்டிக்கு வழி: கோத்தகிரிச் சாலையோரத்திலிருந்து ஒரு விளக்கம்

மலைப்பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் சிரமமின்றிக் கடந்து செல்லச் சாலையின் அகலம் போதாதபோது, இறங்கி வருகிற வண்டிதான் ஓரமாக நின்று, ஏறி வருகிற வண்டியைப் போகவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளில் இது தனி விதியாக எழுதப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக 2017-இல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் இது நீடிக்கிறது. ஆனாலும், சமவெளியில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவர்களில் பலர் இப்படி ஒரு விதி இருப்பதையே அறியாமல் மலையேறி வருகிறார்கள் என்பதை, கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணுவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நான் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். வண்டி நிறுத்துவது, குப்பை போடுவது, மண் கொட்டுவது என்று மலையில் நாம் சண்டை போட்டுக்கொள்ளும் அன்றாட விஷயங்கள் பலவும் இந்த ஒரு விதியோடு பிணைந்தவை என்பது என் கருத்து.

விதியின் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சுமையோடு மேடேறும் வண்டி ஓட்டத்தில் இருக்கும்வரைதான் அதற்குத் தெம்பு. நடுமேட்டில் நிறுத்தினால், மறுபடி கிளப்புவதற்கு ஹாஃப் கிளட்சில் பிடித்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொடுப்பதற்குள் வண்டி சில அடிகளாவது பின்னால் உருளும். பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொரு வண்டி நின்றால் அந்தச் சில அடிகள் போதும். இறங்குகிற வண்டி சரியான கியரில் வந்துகொண்டிருந்தால் அதை நிறுத்துவதும் எளிது, மறுபடி எடுப்பதும் எளிது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றைப் பழைய பேருந்து ஓட்டுநர்கள் சொல்வார்கள். மேலே இருப்பவருக்குக் கீழ்ச்சாலை தெரியும். கீழே இருப்பவருக்கு மேல்ச்சாலை தெரியாது. இரண்டு வளைவுகளுக்குக் கீழே பேருந்து ஏறி வருவதை இறங்குகிறவர் மரங்களின் இடைவெளியில் பார்த்துவிட முடியும். யாருக்கு முன்கூட்டியே தெரிகிறதோ அவர் காத்திருப்பதுதான் நியாயம்.

கொண்டை ஊசி வளைவில் இந்த நியாயம் இன்னும் கூர்மையாகிறது. நாம் இடப்பக்கமாகச் செல்கிறவர்கள் என்பதால், இடப்புறம் திரும்பும் கொண்டை ஊசியில் ஏறுகிற வண்டிக்கு வளைவின் உட்புறம் வாய்க்கிறது. சாலை அங்கே மிகக் குறுகிய தூரத்தில் அதே உயரத்தைத் தாண்டியாக வேண்டியிருப்பதால், உட்புறம்தான் செங்குத்தாக நிற்கும். நீளமான பேருந்தின் பின்சக்கரங்களோ முன்சக்கரங்கள் போன தடத்தில் போகாமல் உள்வாங்கிப் போகும். ஆகவே ஓட்டுநர் முதலில் வலப்புறம் அகலமாக ஒதுக்கி, சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு, பிறகுதான் இடப்பக்கம் ஒடித்துத் திரும்புகிறார். அவர் எதிர்ப்பக்கத்தைப் பறித்துக்கொள்வதாக எண்ணிச் சினந்து, காரை வளைவுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அதன் பிறகு பேருந்து முன்னேறவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. கால் மணி நேரத்துக்குள் இருபுறமும் அரைக் கிலோமீட்டர் வண்டிகள் சேர்ந்துவிடும். காத்திருக்க வேண்டிய இடம் வளைவுக்கு முன்னால் உள்ள நேரான பகுதி. வளைவின் வயிறு அல்ல.

கோடைப் பருவத்தில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்பும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. நெரிசலைக் குறைக்க அது தேவையான ஏற்பாடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நாள்களில் எங்கள் சாலையில் நடப்பதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இறங்கி வருகிற வண்டிகளின் வரிசை முடிவின்றி நீள்கிறது. எதிரே எதுவும் வராது என்ற நம்பிக்கையில் அவர்கள் முழுச் சாலையையும் பயன்படுத்துகிறார்கள். அதே வேளையில் மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் ஊர்ப் பேருந்தும், மருந்தும் மளிகையும் ஏற்றிய பிக்கப்பும், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்களும் மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இறங்குகிறவர்கள் நூறு, ஏறுகிறவர் ஒருவர் என்ற கணக்கில், ஏறுகிறவருக்கு முன்னுரிமை என்ற விதி தானாகவே செத்துப்போகிறது. அதை உயிரோடு வைத்திருக்க வளைவுகளில் ஆள் நிற்க வேண்டும்.

இறக்கத்தில் செய்யும் தவறுகளில் கொடியது நியூட்ரலில் உருட்டுவது. மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் இடையே சுமார் 33 கிலோமீட்டர் தூரம். உயர வேறுபாடு ஏறக்குறைய 1,500 மீட்டர். அவ்வளவு உயரத்தையும் பிரேக்கால் மட்டுமே இறக்க நினைத்தால், வண்டியின் வேகம் முழுவதும் வெப்பமாக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங்கில்தான் இறங்கும். ஓரளவுக்கு மேல் சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும்; பெடலை மிதித்தாலும் வண்டி கேட்காது. எரிபொருள் மிச்சமாகும் என்று எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். கார்களில் பிரேக் பெடலுக்கு உதவும் வெற்றிட அழுத்தத்தை எஞ்சினே உண்டாக்குவதால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்க வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொன்னதில் இயந்திரவியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும் தங்கள் வண்டியில் தாழ்ந்த கியரை நிலைநிறுத்தும் முறை எது என்று வீட்டிலேயே தெரிந்துகொண்டு வர வேண்டும். இதே சாலையில் உள்ள குஞ்சப்பனைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீசும் கருகிய லைனிங் வாடையை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. அது அடுத்த வளைவில் யாருக்கோ நேரக்கூடியதன் வாடை.

நேர்ந்தவற்றை நாம் மறந்துவிடவும் இல்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் 2018 அக்டோபரில் சுற்றுலா வந்த கார் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள்களுக்குப் பிறகே அது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகுதான் வெளி மாவட்டப் பதிவெண் கொண்ட வண்டிகள் அந்தப் பாதையில் இறங்கத் தடை வந்தது. 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூர்ப் பாதையில் மரப்பாலம் அருகே, தென்காசி மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்திருந்தவர்களின் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கல்லட்டியில் இறங்க முடியாது என்று சொன்னவுடன் சோதனைச்சாவடியில் கோபப்படுகிறவர்களிடம் இவற்றைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தடை வெளியூர்க்காரர்களின் மீதான வெறுப்பில் பிறந்ததல்ல. பாதை பழகியவருக்கும் அங்கே கைகள் வியர்க்கும்.

மேகமூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமும் ஃபாக் லைட்டும்தான் உதவும். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டபடி ஓட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது நின்றுவிட்ட வண்டியின் அடையாளம். ஓடும் வண்டியில் அதைப் போட்டால், திரும்பப் போகிறாரா, நிற்கிறாரா என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களின் தவறுகள். எங்கள் தவறுகள் குறைவானவை அல்ல. சொல்லப்போனால், பருவம் முடிந்தபின் பத்து மாதம் இந்தச் சாலையைக் கெடுப்பவர்கள் நாங்கள்தான்.

அண்டைக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டில் பழுதாகி நின்ற லாரிக்குப் பின்சக்கரத்தில் கல் வைப்பது அவசியமான காரியம். பழுது சரியானதும் ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். கல் சாலையின் நடுவிலேயே கிடக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது இறங்கி எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கிளீனர் இருக்கிறார், பக்கத்தில் வேடிக்கை பார்த்த நாமும் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல், மஞ்சு இறங்கிய நேரத்தில், வேலை முடிந்து பைக்கில் வீடு திரும்புகிற பையனுக்கு அந்தக் கல் தெரியாது. நடந்து போகும்போது சாலையில் கிடக்கும் கல்லை உருட்டி ஓரத்தில் போடுவதை என் தந்தை வழக்கமாக வைத்திருந்தார். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப்பில் மூட்டைகளின் மேல் ஆட்களை உட்காரவைத்துப் போவதும் சட்டத்துக்குப் புறம்பானது. பறிப்புக்குப் போகும் பெண்களுக்கு அந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை என்பதையும் நான் அறிவேன். 2021-இல் தொடங்கிய மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம், 2024-25 நிதிநிலை அறிக்கையில் மலைப்பகுதிகளுக்கும் அறிவிக்கப்பட்டது. கட்டணம் இல்லையென்பது நல்லது. எஸ்டேட் வேலை தொடங்கும் நேரத்துக்குப் பேருந்து வந்தால்தான் அந்த நன்மை பிக்கப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குப் போய்ச் சேரும். சட்டத்தைக் காட்டி அவரை இறக்கிவிடுவதற்கு முன், அவருக்கான பேருந்தின் நேரத்தை மாற்றக் கேட்க வேண்டும். அதே சமயம், பள்ளி மாணவனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தனுப்பும் பெற்றோருக்கு இந்தச் சலுகையை நான் தரமாட்டேன். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் கடுமையாக இருக்கிறது என்று முணுமுணுக்கிறவர்கள் அந்தப் பையன் போகும் பாதையின் பள்ளப் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

வண்டி நிறுத்தும் விஷயத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கடைவீதியில் மருந்து வாங்க ஐந்து நிமிடம்தானே என்று காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கத்திலும் என்னைப்போலவே ஒருவர் நிறுத்தியிருந்தார். நான் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது 108 ஆம்புலன்ஸின் ஒலி கேட்டது. அது எங்கள் இரண்டு கார்களுக்கும் நடுவில் புக முடியாமல் நின்றுவிட்டது. ஓடிவந்து எடுப்பதற்குள் மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். முன்னிருக்கையில் இருந்தவர் என்னைத் திட்டவில்லை. "சீக்கிரம் எடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். நீலகிரியிலிருந்து மோசமான நிலையில் உள்ள நோயாளிகளை இன்றும் கோயம்புத்தூருக்குத்தான் இறக்குகிறார்கள். எல்லாம் சரியாக இருந்தாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும் பயணம் அது. அதில் என் பங்காக நான் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. அன்று என்னிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை.

சமவெளி ஊரில் ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு இருக்கிறது. மலையில் ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பள்ளம்; நடுவில் உள்ள ஒற்றைச் சாலைதான் பள்ளிக்கும் சந்தைக்கும் சுடுகாட்டுக்கும் போகிற வழி. நடைபாதை கிடையாது, பள்ளிக் குழந்தைகள் வண்டிகளோடு வண்டிகளாகத்தான் நடக்கிறார்கள். இப்படிப்பட்ட சாலையில் வீட்டு முன்வாசல் என்று எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. கடை முன்னால் வாளியையும் கல்லையும் வைத்து இடம் பிடிப்பதும், இரண்டாவது கார் வாங்கியவர் அதை நிரந்தரமாகச் சாலையில் நிறுத்துவதும், ஏறும் வண்டிக்கு வழிவிடாமல் நிற்பதன் இன்னொரு வடிவமே.

வாய்க்காலும் அப்படித்தான். சாலையின் மலைப்பக்கத்தில் ஓடும் பக்க வாய்க்கால், சரிவிலிருந்து வரும் நீரைச் சேர்த்துச் சிறுபாலத்தின் அடியில் கொண்டுபோய், கட்டுப்பாடாகப் பள்ளத்துக்கு விடுகிறது. வீடு கட்டிய மிச்ச மண்ணையும், உடைத்த செங்கல்லையும், குப்பைப் பையையும் அதில் போட்டால், முதல் பெரிய மழையில் வாய்க்கால் நிரம்பி, நீர் சாலையின் குறுக்கே பாயத் தொடங்கும். குறுக்கே பாயும் நீர் தாருக்கும் தடுப்புச்சுவருக்கும் இடையில் உள்ள மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண்ணின் கனத்தைத் தாங்காமல் பள்ளப் பக்கச் சுவர் சாயும். சாலை பாதியாக அறுந்து தொங்குவது பெரும்பாலும் இப்படித்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. அந்தப் பெருமழைக்கு வாய்க்கால் மட்டுமே மருந்து என்று நான் சொல்ல வரவில்லை; ஆனால் ஐப்பசி பிறக்கும் முன் வாய்க்காலைத் தூர்வாரிய ஊருக்கும் வாராத ஊருக்கும் உள்ள வேறுபாட்டைச் சாதாரண மழையிலேயே நான் பலமுறை கண்டிருக்கிறேன். தூர்வாரிய மண்ணை அள்ளிப் போகாமல் வாய்க்காலின் கரையிலேயே குவித்துவிட்டுப் போவதை வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதவும் கூடாது.

குப்பையின் கதை வாய்க்காலோடு முடிவதில்லை. திறந்து கிடக்கும் தொட்டிக்குக் கரடி வருகிறது, காட்டுப்பன்றி வருகிறது. குரங்கு எப்போதும் இருக்கிறது. குன்னூர்ப் பாதையில் பர்லியார்ப் பக்கம் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் போடுகிறவர்கள் இரக்கத்தோடுதான் போடுகிறார்கள். ஆனால் அந்தக் குரங்கு அடுத்த வண்டிக்கும் ஓடிவரும். குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். காட்டெருமை தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கும்போது ஹாரன் அடிப்பதும், விளக்கை முகத்தில் அடிப்பதும், படம் எடுக்க இறங்குவதும் ஒரே அளவு ஆபத்தானவை. விளக்கைத் தணித்து, தள்ளி நின்று, அது போகும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் தன் வழியே போய்விடும். கூட்டமாக வந்தால் முதல் மாடு கடந்ததும் வண்டியை எடுத்துவிடக் கூடாது; கன்று பின்னால்தான் வரும்.

சுற்றுலா வண்டிகள் மலையேற முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதியான இ-பாஸ் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று நீதிமன்றம் உச்சவரம்பும் விதித்தது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்களும் விடுதி நடத்துகிறவர்களும் குறைப்பட்டுக்கொள்வதை நான் புறந்தள்ளவில்லை. அவர்களில் பலர் என் உறவினர்கள். இருந்தாலும் வரம்பு வேண்டும் என்பதே என் நிலை. என் குறை வேறு. சோதனைச்சாவடியில் வண்டிகளை எண்ணுகிறோம். உள்ளே வந்தபின் அவை எங்கே நிற்கும் என்று எண்ணுவதில்லை. ஆறாயிரம் கார்களும் காலை பத்து மணிக்கும் மதியத்துக்கும் இடையில் அதே நாலைந்து இடங்களுக்கே போனால், எண்ணிக்கையின் பயன் பாதிதான். ஊட்டியில் பருவ நாள்களில் ஓடும் சுற்றுப் பேருந்துகளைப்போல, மேட்டுப்பாளையத்திலேயே கார்களை நிறுத்திவிட்டு ஏறிக்கொள்ளும்படி ஒரு பேருந்து வரிசை ஏற்பட வேண்டும். நாற்பது கார்கள் ஏறுகிற இடத்தில் மூன்று பேருந்துகள் ஏறினால், எங்கள் சாலையில் ஏறும் வண்டிக்கு வழிவிடுவது பழையபடி எளிதாகிவிடும்.

மலையில் வாழ்கிறவர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு, வெள்ளை உடுத்திய பக்தர்கள் ஊர் ஊராகச் சாலைவழியே நடந்து பேரகணிக்குப் போகும்போது, பேருந்தும் லாரியும் சத்தமின்றி ஓரங்கட்டி நிற்பதைப் பார்க்கிறோம். அந்த நாளில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சாலை எல்லாருக்கும் பொது என்ற உணர்வு எங்களிடம் இருக்கிறது. ஆண்டில் மற்ற நாள்களிலும் அது வெளிவர ஒரு நினைவூட்டல் தேவைப்படுகிறது.

அதற்காகத்தான் மே 1 கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பருவம் உச்சத்தில் இருக்கும்போது நடக்கும் கூட்டம் அது. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது என்றாலும், தீர்மானம் நிறைவேற்றித் துறைக்கு அனுப்பும்படி கேட்கலாம். நான் கேட்பது, பேருந்து முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும் ஒவ்வொரு வளைவுக்கும் மேலே, இறங்கும் பக்கத்தில், நேரான சாலை முடியும் இடத்தில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. எதிரே ஏறும் வண்டி தெரிந்தால் இறங்குகிற வண்டி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்று தெரியாமல்தான் பலர் வளைவுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கோட்டின் அருகே ‘ஏறும் வண்டிக்கு வழிவிட்டு இங்கே நிற்கவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும், பக்கத்து மாநிலத்தவர் நிறைய வருவதால் மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும், முதல் கோட்டை அரவேணுவுக்குக் கீழே உள்ள வளைவில் போட வேண்டும் என்பதும் அந்த மனுவில் இருக்கிறது.